தரை வராத படங்கள்

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வானம் வந்து குவிய ஆரம்பித்துவிட்டது. ஆளாளுக்கு மொட்டைமாடிக்கு ஓடிப்போய் எடுத்திருக்கிறார்கள். குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி மேகம். கீழே வரிசையாக 'வாவ்', 'செம', கைகூப்பும் பொம்மைகள். அதே நேரத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். பால் வாங்கப் போன மாமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு படத்திலாவது அந்தத் தண்ணீர் இருக்க வேண்டுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட உனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நானும் வருஷக்கணக்காக இதே வேலையைச் செய்தவன்தான், அதுவும் ஃபிலிம் ரோல் காலத்தில். தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாடம்பாக்கம் பக்கம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். கையில் ஒரு பழைய கேமரா. கல்யாணம் ஆகாதவன் சாயங்காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஏரிக்கரைக்குப் போய் மேகத்தை எடுப்பேன். ரோலைக் கழுவக் கொடுத்தால் ஸ்டுடியோக்காரர் பாதிக்கு மேல் பிரிண்ட் போடாமலே கவரை நீட்டுவார். "இன்னா சார், ரோல் முச்சூடும் ஒரு ஆளு கூட இல்ல? கை தவறி அமுக்கிட்டீங்கன்னு நென்ச்சேன்" என்பார். நான் அசடு வழிந்துகொண்டு, எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு வருவேன்.

புது பிரிண்ட் கவரைப் பிரித்ததும் மருந்து வாசனை ஒன்று வரும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். எனக்கு அந்த வாசனையோடு ஜெயசீலன் சாரும் வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்க வந்தவர், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "பிரதர், இது எந்த ஊரு வானம்?" என்றார்.

"நம்ம ஏரிதான் சார்."

"அடடா! இத்தன நாளா நான் கீழயே பார்த்துட்டு இருந்திருக்கேனே!"

விஷயம் என்னவென்றால், அவர்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒன்றாக வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். பின்னால் அழகாக ஒரு வானம், அதன்மேல் அந்த வருஷத்துக்கான பைபிள் வசனம். அட்டை அடிக்கும் பொறுப்பு ஜெயசீலன் சாருடையது. அன்று முதல் வானம் என்னுடைய பொறுப்பாகிவிட்டது. சபைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் டிசம்பர் நெருங்கினால் எனக்குத்தான் பரீட்சைப் பயம் வரும்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். படத்தில் தரை வரக்கூடாது. பனைமரத் தலை, கரன்ட் கம்பி, எருமை, எதுவும். "வசனத்துக்கு எடம் விடுங்க பிரதர். எருமை மேல வசனம் வச்சா பாஸ்டர் என்னைச் சும்மா விடமாட்டார்" என்பார். விளையாட்டாக ஆரம்பித்தது, போகப் போக எங்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அட்டைக்கு இல்லாத படத்தில்கூடக் கேமரா தானாக மேலே தூக்கிக்கொள்ளும்.

அவர் வீடு சரிவின் கடைசியில், ஏரிக்குத் தண்ணீர் போகும் கால்வாயை ஒட்டி இருந்தது. கடன் வாங்கிக் கட்டிய வீடு. கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம். எங்களுக்கு அதுதான் ஆபீஸ். அவர் மனைவி ரூபி அக்கா டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுப்பார். "ரெண்டு ஆம்பளைங்க அண்ணாந்து பாத்துட்டு உக்காந்தா ஊரு என்ன நெனைக்கும்?" என்று திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்.

காற்றே இல்லாத ஒரு நாள் கால்வாய்த் தண்ணீர் அப்படியே நின்றது. மேகம் மொத்தமும் உள்ளே விழுந்து கிடந்தது. பாலத்திலிருந்து குனிந்து, கரை துளியும் தெரியாமல் அதை எடுத்தேன். ஜெயசீலன் சார் அதைத் தலைகீழாகத் திருப்பி அட்டையில் போட்டுவிட்டார். இப்படி ஒரு வானத்தைப் பார்த்ததே இல்லை என்று சபையே சொன்னது. தண்ணீரை வானம் என்று நம்பவைத்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

அப்புறம் கால்வாயை ஒட்டி மேட்டில் இருந்த நிலத்தை ஒருவர் வளைத்துப் போட்டார். லாரி லாரியாக இடிந்த கட்டட மண் வந்தது. கால்வாய் தூர்ந்தது, அதன்மேல் மனைகள் முளைத்தன. அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் ஜெயசீலன் சார் வீட்டுக்குள் புகுந்தது. ரூபி அக்கா கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துக் கஞ்சி காய்ச்சினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியும் இதே கதைதான். சுவர் விரிசல் விட்டது. அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் ஓர் அதிகாரி, "அங்க கால்வா இருந்துச்சுன்னு நாங்க எப்படி சார் நம்புறது? பட்டா நிலம், மேப்லயும் கோடு இல்ல. போட்டோ கீட்டோ இருந்தா கொண்டாங்க" என்றார்.

ஜெயசீலன் சார் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "போட்டோவாம்! நம்மகிட்ட இல்லாத போட்டோவா பிரதர்?"

பெட்டிகளைக் கவிழ்த்தோம். கட்டில் நிறைய, தரை நிறைய வானம். சிவப்பு, ஊதா, சாம்பல். முக்கால்வாசி அந்தக் கால்வாய்மேல் உட்கார்ந்து எடுத்தவை. ஒன்றில்கூடக் கால்வாய் இல்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தத் தலைகீழ்ப் படம் கையில் அகப்பட்டது. மறுநாள் காலையே எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். "வானம் நல்லா வந்திருக்கு சார்."

"இல்ல சார், திருப்பிப் பாருங்க. இது தண்ணி. எங்க கால்வா தண்ணி."

அவர் பொறுமையாகத் திருப்பினார். "இப்பவும் வானம்தான் சார்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கரை தெரியாமல் எடுப்பதில் எனக்கு அவ்வளவு திறமை. வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். ஜெயசீலன் சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

வீட்டை அவர் விற்றார். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? கால்வாயைத் தூர்த்தவருக்கேதான். தண்ணீர் நிற்கும் வீட்டை வேறு யார் வாங்குவார்கள்? இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. பாலம் தாருக்கு அடியில் போய்விட்டது, பாலம் இருந்தது என்று சொன்னால் அங்கே குடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கால்வாய் வழியே ஏரிக்குப் போகமுடியாத தண்ணீர்தான் இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறது. ஸ்டுடியோவும் இல்லை. கேமராவை நான் அப்புறம் தொடவில்லை.

வீட்டை விற்ற கையோடு அவர்கள் திருநெல்வேலிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விடுவதற்காகச் சாமான் ஏற்றிய அன்று, அவருக்குப் பிரியமான படங்களாகப் பார்த்து ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போனேன். ரூபி அக்கா என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜெயசீலன் சார் பெட்டியைத் திறந்து மேலாக இருந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"வேணாம், நீங்களே வச்சுக்குங்க. வானம் அங்கயும் இருக்கு பிரதர். இங்க மட்டும் இருந்ததத்தான் நாம எடுக்கவே இல்ல."