மூலையில் மை பட்ட கார்டு

சாவுச் செய்தி எழுதும் கார்டின் மூலையில் கறுப்பு மை தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். எழுபதுகளின் கடைசியில் நான் அரியலூரில் வேலை பார்த்தேன். பெரம்பலூரில் தனியாக இருந்த அம்மாவுக்கு வாராவாரம் கார்டு போடுவேன். கடைத்தெருவில் மாட்டுவண்டி குடை சாய்ந்தது, டீக்கடையில் நடந்த சண்டை, எல்லாம் அதில் இருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் வாசித்துக் காட்டுவார்.

ஒருமுறை கார்டைப் பெட்டியில் போட்ட மறுநாள் காலையில்தான் பார்த்தேன், சட்டைப் பையில் பேனா ஒழுகியிருந்தது. கார்டும் அதே பையில்தான் இருந்தது. கறுப்பு மை!

உடனே பெரம்பலூர் பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்காரவில்லை. நான் நின்றால் வண்டி சீக்கிரம் போகும் என்று நினைப்பு.

"என்ன சார் இப்படித் தவிக்கிறீங்க, சாவா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க, நான்தான்."

வீட்டு வாசலில் கூட்டம். தபால்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "யம்மா, மாட்டுவண்டி சாஞ்சுடுச்சுன்னுதான் எழுதியிருக்கு."

"மறைக்காதீங்க. மூலை கறுத்திருக்கே! எம்புள்ள போயிட்டானா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரில் போய் நின்றேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பேனா ஒழுகிடுச்சு."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்ப யாருடா செத்தா?"

பெரியப்பாவில் தொடங்கி, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சத்தியம் செய்தேன். அவர்களில் பாதிப் பேரை நான் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது.