கழுவப்பட்ட குடைக்காரன்

பல் செட் செய்யும் பட்டறையில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்காக அல்ல, வீட்டில் ஒரு கிராமத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக. விரல் உயரப் பொம்மை மனிதர்கள்: கூடை சுமக்கும் பெண், விறகு பிளக்கிறவன், பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடும் கிழவர். பழைய சாமான் கடைகளில் கையோ காலோ போனதாகப் பார்த்து வாங்கி வருவார். முழுசாக இருப்பது அவருக்கு எதற்கு?

"என்ன தலைவரே, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார் முதலாளி.

"ஒருத்தனுக்கு மூக்கு போயிடுச்சு. மத்தபடி சண்டை சச்சரவு இல்லை."

தலைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டார். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்கு எரிச்சல் வரும். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, வேலைதானே. அம்மா போன பிறகு சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. கை சும்மா இருக்காது. அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தக் கிராமம்.

பட்டறையில் பல்லுக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பொடியில் மீந்ததைக் கொண்டுவந்து, அதற்கான திரவத்தில் குழைப்பார். இறுகுவதற்குள் பொம்மைக்கு ஒரு முழங்கையைப் பிடித்துவிடுவார். ஆனால் எந்தப் பொம்மை வந்தாலும் முதல் வேலை குளியல். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, பூச்சு முழுக்கப் போன பிறகுதான் மற்றதெல்லாம். பூச்சின் மேல் பூச்சு ஏறினால் முகம் வீங்கிப்போகும் என்பார்.

கீழ் வீட்டில் ஒரு தையல்காரம்மா. கணவர் இறந்து ஒரு வருஷம் இருக்கும். ஜன்னலில் நிற்கும் பொம்மைகளைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு ஒருநாள் மேலே வந்தாள். அப்புறம் ஓரம் மடித்துத் தைக்கும் துணியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்து உட்கார்வது வழக்கமாகிவிட்டது. அதிகம் பேச மாட்டார்கள். அவள் ஊசி, அவர் பிரஷ். அலமாரியில் கவிழ்ந்தே கிடந்த இரண்டாவது தம்ளர் கீழே இறங்கியது. அவள் வராத நாளில் அவருக்கு டீ போடவே தோன்றாது.

அப்படி வந்த ஒருநாள், முந்தானையில் முடிந்திருந்த குடைக்காரன் பொம்மையை எடுத்து நீட்டினாள்.

"கை போயிடுச்சு அண்ணே. ஒட்டிக் குடுங்க."

இடது கண் கன்னத்தில் இருந்தது. சட்டையின் நீலம் கழுத்தில் ஏறி வழிந்திருந்தது. ஏதோ குழந்தை அப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவளுக்கு நல்லதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஊறப்போட்டார், தேய்த்தார், கை வைத்தார், இமைமுடி வரை தீட்டினார். அவர் செய்ததிலேயே அதுதான் நேர்த்தி.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு அண்ணே?"

"நீங்க குடுத்ததுதான்மா."

"நான் குடுத்ததுக்கு மூஞ்சி வேற." குரல் ஏறவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு வாதத்துல வலது பக்கம் விழுந்தப்புறம் இடது கையால பூசினது. பயிற்சிக்குன்னு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. பிரஷ்ஷைப் பிடிக்கவே அன்னிக்குப் பொழுது போயிடும். அது கோணலா இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

பொம்மையை முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். டீ ஆறிப்போயிற்று.

அடுத்த சில நாட்கள் யாரும் படியேறவில்லை. தலைவர் ஒரு உடைந்த பொம்மையை எடுத்து இடது கையால் பூசிப் பார்த்தார். கோணலாகத்தான் வந்தது, ஆனால் அது அவருடைய கோணல். அடுத்தவர் நோவைக் காப்பியடிக்கக்கூடாது என்று துடைத்துப் போட்டார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கீழே போனார்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. அவர் வாசலிலேயே நின்றார்.

"கேக்காம கழுவிட்டேன்மா. எங்கம்மாவைப் பாத்துக்கிட்டப்போ எதையும் சொல்லிட்டுத்தான் செய்வேன். திருப்பப் போறேம்மா, தண்ணி ஊத்தப் போறேம்மான்னு. வாய் பேசாதவங்ககிட்ட சொன்னவன், பேசுற உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"ம்" என்றாள். தையல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்துவிட்டார்.

பட்டறையில் முதலாளி ஊர் சமாச்சாரம் கேட்டபோது, "ஊரு காலி" என்றார். முதலாளி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். கையில் தையல் துணி இல்லை. மேஜையில் ஒரு ஆட்டுப் பொம்மையை வைத்தாள். பின்னங்கால் இல்லை. உடம்பு பூரா ஊதா.

"அவர் பூசினது இன்னும் நிறைய உடைஞ்சு கிடக்கு. ஆனா உங்க மேல பாதி நம்பிக்கைதான் இருக்கு. அதுக்கு ஒரு ஆடு போதும்."

"இங்கேயே உக்காந்து பாருங்கம்மா."

"அதுக்குத்தான் வந்தேன்."

ஸ்பிரிட் டப்பா பக்கம் அவர் கை போகவில்லை. பொடியைக் குழைத்து, காலைப் பிடித்து, இறுகும்வரை விரலில் தாங்கிக்கொண்டிருந்தார். ஒட்டின இடத்தைத் தேய்த்தபோது ஊதாவில் அரம் படாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"கால் மட்டும் வெள்ளையா நிக்குதே."

"நிக்கட்டும். நான் தொட்டது அது ஒண்ணுதான்."

அதை அப்படியே விடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. ஆட்டை நிற்கவைத்துப் பார்த்தாள். நின்றது.

"டீ போடட்டுமாம்மா?"

"இன்னிக்கு வேண்டாம் அண்ணே." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்தது கிழவி. கழுத்தே இல்லை. பார்க்கலாம்."

எப்போது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டார்.