அப்பா குடித்த கஞ்சியும் கூடவே விழுங்கிய குளிசையும்

1. அப்பா கதிரவெளியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார்.
2. அம்மாவை மணம் முடித்துக் களுதாவளைக்கு வந்தபின், கடலை விட்டு வெற்றிலைத் தோட்டம் செய்யப் பழகினார்.
3. யுத்தத்தில் வீட்டை இழந்து வந்த தன் ஒரே தங்கையை, எங்கள் மாமியை, பக்கத்து வளவில் குடியமர்த்தினார்.
4. ஒருநாள் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும்போது தலைசுற்றி விழுந்தார். பிரசர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் விழுங்கச் சொல்லிக் குளிசை கொடுத்தார்கள்.
5. மறுநாள் காலை மாமி இலைக்கஞ்சியோடு வந்தார்.
6. சென்ற வருடம், நுரையீரலில் ஏற்பட்ட கிருமித் தொற்றால் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

இவற்றில் ஐந்தாவதைப் பற்றி, அப்பாவின் நினைவு நாளில், உறவினர்களாகிய உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வல்லாரையும் முருங்கையிலையும் இடித்துச் சாறு பிழிந்து, தவிட்டரிசியோடு காய்ச்சிய கஞ்சி அது. அப்பா அதை மறைக்காமல் கிளினிக்கில் சொன்னார். "குடியுங்க, ஆனா உப்புப் போடாதீங்க, குளிசைய விடாதீங்க" என்றார் டொக்டர். இரண்டையும் அப்பா கடைசிவரை கடைப்பிடித்தார். உப்பில்லாத கஞ்சியைப் பற்றி மட்டும் தினமும் முறையிடுவார்.

"என்ன தங்கச்சி, வாயில வைக்க ஏலாம இரிக்கி."

"உப்பு வேணுமெண்டா சொல்லுங்கண்ணன். நாளைக்கு வாவி உப்புத் தண்ணில காச்சித் தாறன்."

தோட்டத்துக்கு வந்தவர் எவரையும் வெற்றிலை கொடுக்காமல் அனுப்பாத அப்பா, அவர்கள் சுகம் விசாரித்தால், "எல்லாம் தங்கச்சிட கஞ்சிதான்" என்பார். எல்லாவற்றையும் இழந்து வந்த தங்கைக்குத் தன்னால் கொடுக்க முடிந்த மரியாதை அது என்று நினைத்தார். குளிசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்பா இறந்த எட்டாம் நாள், சடங்குக்கு வந்திருந்த பெண்களிடம் மாமி சொன்னார்: "அண்ணன இத்தின காலமும் பிரசரில இருந்து காத்தது எண்ட கஞ்சிதான். எனக்கும் பிரசர்தான். குளிசைய விட்டு எவ்வளவு நாளாச்சு!"

துக்க வீட்டில் அதைப் பேச முடியவில்லை. சடங்குகள் முடிந்ததும் மாமியைக் கட்டாயப்படுத்திக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பிரசரை அளந்து பார்த்த தாதி, மாமியை எழும்ப விடாமல் உடனே டொக்டரைக் கூப்பிட்டார்.

வீடு திரும்பிய பிறகு, அப்பா ஒருநாளும் குளிசையை நிறுத்தவில்லை என்று சொன்னேன்.

"அப்ப எண்ட கஞ்சி சும்மாவா மகள்?"

அம்மாதான் சொன்னார்: "சும்மாவெண்டா ஏன் மச்சாள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சார்? நீங்க போனதும் குளிசையக்கூட உங்கட கஞ்சியோடதான் விழுங்கினவர். தண்ணி குடுத்தா வேணாமெண்டுடுவார்."

மாமி அப்போதுதான் அழுதார். அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அப்பாவைப் பார்த்துக் கஞ்சி குடிப்பவர்கள் நம் உறவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். குடியுங்கள். ஆனால் டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள். அப்பா நிறுத்தவில்லை.

நோயுற்ற நாட்களில் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்கியவர்களுக்கும், இரவு பகலாகப் பராமரித்த வைத்தியர்கள், தாதியருக்கும், எட்டாம் நாள்வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமி மீண்டும் குளிசை எடுக்கிறார். பிரசர் குறைந்திருக்கிறது, இன்னும் முழுதாக இறங்கவில்லை. காலையில் இரண்டு கோப்பைக் கஞ்சி காய்ச்சுகிறார்: ஒன்று அவருக்கு, மற்றது அம்மாவுக்கு. உப்புப் போடுவதில்லை.