சாம்பல் ஜெர்சி

ஏதாவது ஒரு கலர் சொல்லுங்கள். அது யாருடையது என்று நான் சொல்கிறேன். மஞ்சளுக்கு ஆள் இருக்கிறது. நீலத்துக்கு இருக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வந்தால் ஒருத்தர், மஞ்சள் வந்தால் வேறொருத்தர். எங்கள் பக்கத்தில் வானவில்லைக் கூடப் பட்டா போட்டுப் பங்கு பிரித்துவிட்டார்கள். வருடக்கணக்காக ஜெர்சிக் கடையில் டிசைன் போட்டுக்கொண்டிருப்பவளுக்கு இது தெரியாமல் போனால்தான் ஆச்சரியம்.

கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருக்கிறது. நடத்துவது சகாயசெல்வி அக்கா. நான் ஃபர்ஹீன், கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கபடிக் குழு, வாலிபால் குழு, கிரிக்கெட் குழு எல்லாம் வரும். முன்பெல்லாம் முதுகில் நம்பர் இருந்தால் போதும் என்பார்களாம். இப்போது நெஞ்சில் ஒரு தலைவர், முதுகில் ஒரு தலைவர், தோளில் ஒரு சிங்கம். நம்பருக்கு இடம் எங்கே என்று கேட்டால், "அத எங்கயாச்சும் போட்டு விடுங்கக்கா, மீச மட்டும் தெளிவா வரணும்" என்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் கையில் கட்டிய கலர்க் கயிற்றை வாத்தியார்கள் அவிழ்க்கச் சொன்னார்கள். கயிறு அவிழ்ந்தது, கலர் ஜெர்சிக்கு ஏறிக்கொண்டது.

அக்கா வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுப்பாள். ஆட்கள் படியிறங்கியதும் தலையில் அடித்துக்கொள்வாள். "நம்ம கஞ்சி குடிக்க இவங்க மீசய அடிக்க வேண்டியிருக்கு பாரு!"

அக்காவின் ஊர் தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம். பெயரைச் சொன்னால் நாளைக்கே மாடியேறி வந்து மல்லுக்கு நிற்பார்கள், அதனால் வேண்டாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் காலனி. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள் தெருவிலும் உண்டு, காலனியிலும் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். சாமி மாறினாலும் ரோடு மாறவில்லை. அக்கா காலனிப் பெண்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள்தான் கபடி டீமின் முதல் ரைடர். பாடிக்கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாளாம். ஒரு வருடம் மாவட்டப் போட்டியில் ஜெயித்து, கப்போடு வேனில் வந்திருக்கிறார்கள். கப் முன் சீட்டில் கேப்டன் மடியில். ஊர் வந்ததும் ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம் என்று அக்கா பின்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். ரோட்டில் வேன் நின்றது. "காலனிப் பிள்ளைங்க இங்கயே எறங்கிக்கங்க" என்றார்கள். இறங்கினாள். வேன் தெருவுக்குள் போனது. வெடிச் சத்தத்தை அவள் காலனிக் குழாயடியில் நின்று கேட்டாள்.

"எடுத்த பாயிண்ட்ல பாதி என்னோடது ஃபர்ஹீன். அந்தக் கப்ப நான் தொட்டது கூட இல்ல." இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை. அப்போதும் அழவில்லை. தொலைந்துபோன கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள், அதையும் சேர்த்துத் திட்டினாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இவளோ கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்து, தையல் கற்று, கடை போட்டு, எல்லாம் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி அதே ஊருக்குப் போனாள். பல வாரம் நானும் கூடப் போனேன். தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் சேர்ந்த ஒரு கபடி டீம். வத்தலக்குண்டில் மே மாதம் நடக்கும் போட்டியில் ஊர்ப் பெயரில் இறங்க வேண்டும், ஜெயிக்க வேண்டும், கப்போடு ஒரே வேனில் தெருவுக்குள்ளும் போக வேண்டும், காலனிக்குள்ளும் போக வேண்டும். நடுரோட்டில் யாரும் இறங்கக் கூடாது. அவள் கேட்டது இவ்வளவுதான். கேட்கும்போது சின்ன ஆசையாகத்தான் தெரிந்தது.

முதல் தொல்லை கையில் வந்தது. கபடியில் பிடிக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்பார்கள், செயின் என்பார்கள். ஸ்ரீமதி தெருப் பெண், ஜெஸ்ஸி காலனிப் பெண். அந்த இரண்டு பேரும் கைகோத்தால் எப்பேர்ப்பட்ட ரைடரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஸ்ரீமதியின் அப்பா பொன்னுச்சாமி மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா செல்வி, கையப் பிடிக்காம ஆட முடியாதா?"

"ஆடலாம்ணே. தோத்துட்டு வரலாம்."

அவருக்குத் தோற்கவும் மனசில்லை. மகளின் கையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், போய்விட்டார். அக்கா அவரை அண்ணே என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். ஊரில் அந்த முறை வைத்து அவரைக் காலனிப் பக்கத்திலிருந்து யாரும் கூப்பிட்டதில்லை.

அடுத்தது ஜெர்சி. ஒரே நிறத்தில் உடுப்பு இல்லாவிட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். இவ்வளவு அனுபவம் உள்ள அக்கா இந்த இடத்தில்தான் ஒரு கோளாறு பண்ணினாள். இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்துகிறேன் என்று, மேலே பாதி மஞ்சள், கீழே பாதி நீலம் என்று மாதிரிக்கு ஒன்று தைத்தாள். நான் வேண்டாம் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

காலனி மன்றத்துத் தலைவர் சடையாண்டி அதைக் கையில் கூட வாங்கவில்லை. "எங்க கலரு கீழயா? காலம் பூரா கீழ இருந்தது பத்தாதாக்கா?"

திருப்பித் தைத்தோம். மேலே நீலம், கீழே மஞ்சள். பொன்னுச்சாமி அண்ணன் மாடியேறி வந்தார். "என்னம்மா இது, எங்களக் கால்மாட்டுல போட்டிருக்க?"

சரி, மேல் கீழ் வேண்டாம், நெட்டுக்குப் பிரிப்போம் என்றாள் அக்கா. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இடது கை யாருக்கு என்று ஒரு வாரம் சண்டை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. ஆடப்போகிற பெண்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? "வேர்த்தா ஒட்டாத துணியாத் தாங்கக்கா" என்று ஸ்ரீமதி சொன்னாள். மொத்தச் சண்டையிலும் ஜெர்சியைப் பற்றிப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

கடைசியில் அக்கா எழுந்துபோய், மூலையில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு சாம்பல் துணிச் சுருளை மேசையில் போட்டாள்.

"எலிக் கலரா?" என்றார் சடையாண்டி.

"நல்ல காரியத்துக்கு யாராச்சும் சாம்பல் போடுவாங்களா?" என்றார் பொன்னுச்சாமி.

இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதான்" என்று கத்தரியை எடுத்தாள். படம் கிடையாது, சிங்கம் கிடையாது. நெஞ்சில் ஊர்ப் பெயர், முதுகில் நம்பர். என் வாழ்நாளில் நான் போட்ட சுலபமான டிசைன்.

வத்தலக்குண்டில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கும்போது, எதிரணியில் பனைமரம் போல ஒருத்தி பாடிக்கொண்டு வந்தாள். ஸ்ரீமதியும் ஜெஸ்ஸியும் கோத்த கையை விடவே இல்லை. மூன்று பேரும் ஒன்றாகப் புழுதியில் விழுந்தார்கள். எழுந்தபோது யார் எந்தப் பக்கத்துப் பெண் என்று எனக்கே தெரியவில்லை, சாம்பலோடு புழுதியும் சேர்ந்து எல்லாம் ஒரே நிறம். அக்கா விசிலை ஊதிக்கொண்டே அழுதாள்.

வேன் ஊருக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெரு முனையில் மாலையோடு ஒரு கூட்டம், காலனி முனையில் மேளத்தோடு ஒரு கூட்டம். நடுரோட்டில் வேன் நின்றது. நிறுத்தியவர்கள் இரண்டு பக்கத்துக்காரர்களும்தான்.

"மொதல்ல தெருவுக்குள்ள வந்துட்டு அப்புறம் அங்க போகட்டும். அதான் மொற" என்றார் பொன்னுச்சாமி.

"எந்த மொற? மொதல்ல எங்க பக்கம் வரட்டும், அப்புறம் எங்க வேணாப் போகட்டும்" என்றார் சடையாண்டி.

அக்கா இறங்கி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். "டாஸ் போடலாம்ணே. வெளையாட்டுதான? காசச் சுண்டுவோம்."

"டாஸ்ல தோத்துட்டா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்த ஊர் அன்றைக்கு ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பேச்சு நீண்டது. மேளக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். மாலைகள் வாடின. பெண்களுக்குப் பசி. செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்ரீமதி வேனிலிருந்து குதித்தாள், பின்னாலேயே ஜெஸ்ஸி, பின்னாலேயே எல்லோரும். ரோட்டோரப் புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கக் கூடாது என்று அக்கா நினைத்திருந்த அதே இடம்.

கப் ஜெஸ்ஸியின் கையில் இருந்தது. "அக்கா, இதச் செத்தப் பிடிங்க, கை கழுவிட்டு வாரேன்" என்று அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாங்கினாள். அந்தப் பெண்ணுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அக்கா கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே சண்டை வேறொன்றுக்கு மாறியிருந்தது. ராத்திரி கப் எங்கே இருப்பது? தெரு மண்டபத்திலா, காலனி மன்றத்திலா? "ஏலே, தள்ளி நின்னு பேசு" என்று யாரோ சத்தம் போட்டார்கள், யாரோ வேட்டியை மடித்துக் கட்டினார்கள். திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. அக்கா கப்போடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஓடிப்போய் ஏறினேன். பஸ் கிளம்பிய பிறகுதான் கீழே ஆண்களுக்கு விஷயம் புரிந்தது.

இப்போது கப் எங்கள் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அக்காவுக்கு அது இன்னும் எரிச்சல். "எனக்கெதுக்கு இந்தக் கப்பு? நான் வேணும்னப்ப குடுக்கல. இப்ப இது ஊருக்குள்ள போகணும்னு பாத்தா, இம்புட்டுக்கூண்டு கப்புக்கு அம்புட்டுப் பெரிய ஊர்ல எடமில்ல" என்று அதைத் துடைக்கும்போதெல்லாம் சொல்கிறாள்.

போன வாரம் தெருப் பையன்கள் வந்தார்கள். சாம்பல் கலர் ராசியாம், அதில் ஒரு செட் வேண்டுமாம், முதுகில் தலைவர் படத்தோடு. மறுநாள் காலனிப் பையன்கள் வந்தார்கள். அதே கலர், அவர்கள் தலைவர் படம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இரட்டை ஆர்டர் வந்த கடை கொண்டாடத்தான் வேண்டும். அக்கா இரண்டு கூட்டத்திடமும் சாம்பல் துணி தீர்ந்துபோச்சு என்றாள். சுருள் மேசைக்கு அடியில் இருந்தது. நான் அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் பெண்கள் வருகிறார்கள், தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும், ஒரே டவுன் பஸ்ஸில். வந்ததும் அலமாரியைத் திறந்து கப்பை எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கடை ரெண்டாகிறது. அக்கா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கத்துகிறாள்.

"யார் வேணாலும் தொடுங்கடி. கீழ மட்டும் போட்டுடாதீங்க."