வயிற்றைக் குறைக்க வந்த அம்மா

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலேசியாவிலிருந்து ஒரு தமிழ் அம்மா தனியாக வந்தார். மகள் கல்யாணத்தில் தான் கட்ட அரக்குப் பட்டு வேண்டும் என்றார். கட்டிக்காட்டக் கொசுவம் வைத்தபோது அவர் வயிற்றருகே என் விரல்கள் நனைந்தன. ரத்தம்.

“இன்னாம்மா இது? உடம்பு நெருப்பா கொதிக்குதே!”

“சத்தம் போடாதீங்கம்மா. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணி வயித்துக் கொழுப்பை எடுத்துக்கிட்டேன். எங்க ஊரைவிட இங்க மலிவு. கல்யாண போட்டோவுல எடுப்பா தெரியணும்ல? மகளுக்குத் தெரியாது. கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

சொல்லும்போதே என்மேல் சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புண்ணில் சீழ் பிடித்து, விஷம் உடம்பெங்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். சாயங்காலம் அந்த அம்மாவின் உயிர் போய்விட்டது.

அவருடைய செல்போன் என் கையில் இருந்தது. அது அடித்தது. மகள்தான்.

“அம்மா, சாமி கும்பிட்டாச்சா?”

போனை டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் கதறியது எனக்கும் கேட்டது: “எங்கம்மா அழகாத்தானே இருந்தாங்க!”

இப்போதும் வயிற்றை எக்கிக்கொண்டு புடவை கட்டிப் பார்க்கும் பெண்களிடம், “அழகா இருக்கீங்கம்மா” என்று சொல்கிறேன். வியாபாரப் பேச்சு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.