மூக்கில் கட்டிய கம்பி

மரப்பலகை பதித்த அறையில் உட்கார்ந்து, "என்ன வழவழப்பு!" என்று சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களே, ஆணி இறங்கும்போது அந்தப் பலகையை அழுத்திப் பிடித்திருந்த கை யாருடையது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

ஒரு பெண்ணின் கை. வேலையிடத்தில் அவளுக்குக் 'கிடுக்கி' என்று பெயர். மெல்லிய பலகை நடுவில் விம்மும். அவள் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். விரலுக்குப் பக்கத்திலேயே அவள் கணவன், தச்சன், நெயில் கன் என்கிற ஆணித் துப்பாக்கியால் அடித்துக்கொண்டே போவான்.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு மூக்கு உண்டு. மூக்கு பலகையில் அழுந்தினால்தான் ஆணி வரும். அழுந்தியபடியே அதைக் கம்பியால் கட்டிவிட்டால் வேலை வேகமாக ஓடும். கூடவே, விசையில் விரல் பட்டாலே ஆணி பாயும். எதிரே இருப்பது பலகையா கையா என்று அது பார்க்காது. காண்ட்ராக்டர் எப்போதும் கட்டித்தான் கொடுப்பார். போன மாதம் கிடுக்கியின் மோதிர விரலில் ஆணி ஏறியது அப்படித்தான்.

"உனக்கு நேரம் சரியில்லம்மா," என்றார் காண்ட்ராக்டர்.

"நேரம் இல்லண்ணே. கம்பி."

பழைய துப்பாக்கி காற்றை ஒழுகவிட ஆரம்பித்தது. புதிதாக ஒன்று வாங்கி வரச் சொல்லித் தச்சனை அனுப்பினார் காண்ட்ராக்டர். கிடுக்கியும் கூடவே கிளம்பினாள். விரல் அவளுடையதாயிற்றே.

கடைக்காரர் தச்சனைப் பார்த்தே பேசினார். "விசைய விடவே வேணாம் சார். தட்டிக்கிட்டே போங்க, மழை மாதிரி கொட்டும்."

"ஒவ்வொரு ஆணிக்கும் மூக்கையும் விசையையும் விட்டுட்டு மறுபடி அழுத்தினாத்தான் அடிக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டாள் கிடுக்கி.

"அதெல்லாம் ஆமை, சார்," என்று பதில் தச்சனுக்குப் போனது.

தச்சன் தரையைப் பார்த்தான்.

"ஏங்க, வாய்ல ஆணியா வச்சிருக்கீங்க?"

அவள் விரலில் இன்னும் கட்டு இருந்தது. விசையை அழுத்தியவன் அவன்தான். "அந்த ஆமையையே குடுங்க," என்றான்.

வேலையிடத்தில் காண்ட்ராக்டர் அதைக் கையில் வாங்கியதும் பையிலிருந்து கம்பியை எடுத்து மூக்கைக் கட்டினார். சுவரில் ஓர் ஆணி அடித்தார். அடுத்தது வரவில்லை. விசையைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார், ஊஹூம்.

"மக்கர் சரக்கத் தலையில கட்டிட்டான்!"

"மக்கர் இல்லண்ணே," என்றாள் கிடுக்கி. "மூக்க அவுத்து விடுங்க, ஒவ்வொரு தடவையும் விட்டு அழுத்தினா அடிக்கும்."

வீட்டின் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். படித்தவர்; பக்கத்து அறை முழுக்கப் புத்தகம். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். விரல் கட்டு அவர் கண்ணில் படவில்லை.

"முடிச்சிடலாம் சார்," என்று குழைந்த காண்ட்ராக்டர், அவர் நகர்ந்ததும் திரும்பினார். "நாளையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்."

"அப்ப பலகைய நீங்க பிடிக்கறீங்களா அண்ணே? கம்பி கட்டின துப்பாக்கிக்கு முன்னாடி?"

அவர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தெருவில் நடக்கும்போது தச்சன் முனகினான். "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமோ?"

"எந்த விரலக் குடுத்துப் பொறுக்கறது?"

மறுநாள் வேறொரு தம்பதி வந்தார்கள். கம்பி கட்டிய வேறொரு துப்பாக்கி, வேறொருத்தியின் உள்ளங்கைகள். வெள்ளிக்கிழமைக்குள் அறை முடிந்துவிட்டது.

இதற்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள். கம்பியைக் கட்டியவர் ஒரு மனிதர். அவரை அவசரப்படுத்தியவர் இன்னொரு மனிதர். உங்கள் வீட்டில் பலகை வேலை நடந்தால், தேநீர் கொடுத்து நல்ல பெயர் வாங்குவது அப்புறம் இருக்கட்டும். முதலில் உள்ளே போய் அந்தத் துப்பாக்கியின் மூக்கைப் பாருங்கள். கம்பி இருந்தால் வேலையை நிறுத்துங்கள். உங்கள் கெடுவைத் தள்ளிப் போடுங்கள். அந்தக் கம்பி அவிழ்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.