குத்துவிளக்குப் பெண்ணுக்கு நான் செய்த துரோகம்

போன மாதம் சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் வாசகர் வட்டத்தில் சண்டை போட்டேன். பெரிய சண்டை இல்லை. பன்னிரண்டு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டு நிறையக் கறிபஃப். அன்று பேசிய நாவலில் ஒருவனுடைய அப்பா படுத்த படுக்கையாகிவிடுகிறார். அதுவரை ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன் மூன்றே அத்தியாயத்தில் பொறுப்பான மனிதனாகிவிடுகிறான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “துன்பம்தான் அந்த இளைஞனைச் செதுக்குகிறது” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“சார், அந்த அப்பாவுக்கு யாரு டயப்பர் மாத்துனா?” என்று கேட்டேன்.

“அது கதைக்குத் தேவையில்லம்மா.”

“அப்பாவுக்குத் தேவைப்பட்டிருக்கும்ல.”

பக்கத்திலிருந்த அக்கா என் கையில் இன்னொரு கறிபஃப்பைத் திணித்தார். என் வாயை அடைக்கத்தான். தின்றேன். கோபம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் நாவல்களில் வரும் நோயாளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? இருமுவார்கள். கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம் தெரியும். ஒருவருக்கும் வயிற்றால் போகாது. ஒருவரும் சோற்றைத் துப்ப மாட்டார்கள். கடைசியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகச் சாவார்கள். நோய் என்பது அங்கே பிள்ளைகளுக்குப் போடும் உரம். அம்மா படுத்தால் மகள் முளைப்பாள், அப்பா செத்தால் மகன் காய்ப்பான். எனக்குப் பத்தொன்பது வயதில் அந்த உரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. நான் முளைக்கவில்லை. நாற்றம்தான் வந்தது.

என் அம்மா தேக்கா பக்கம் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தாள். அப்பா நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோதே வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டார். அவருக்கு இங்கே இந்த ஒரு வரி போதும். ஒரு நாள் மத்தியானம் அம்மா ஒரு வாடிக்கையாளருக்கு முந்தானையை விரித்துக் காட்டும்போது வலது கை பாதியில் நின்றுவிட்டது. அப்படியே புடவைக் குவியல்மேல் சாய்ந்தாள். அந்த வாடிக்கையாளர், “இதுலயே பச்சை இருக்கா?” என்று கேட்டாராம். கடைக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். பக்கவாதம். அம்மாவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

நான்கு நாள் அம்மா வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஓர் இளம் டாக்டர் வந்து முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டி, “ஆன்ட்டி, எத்தனை விரல் சொல்லுங்க?” என்றார்.

அம்மா அவரைப் பார்த்து, “சனியனே” என்றாள். தெளிவாக, சுத்தமாக.

அதுவரை என் அம்மா யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினார். பேச்சு போனவர்களில் சிலருக்குத் திட்டும் வார்த்தைகள் மட்டும் தப்பிவிடுமாம். மற்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டுமாம். நாம் சொல்வதெல்லாம் அம்மாவுக்குப் புரியும், பதில்தான் வராது என்றார். இருபது வருடம் புடவை விற்றவளுக்குப் புடவை என்ற சொல் இல்லை, சனியன் என்ற சொல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செமஸ்டர் விடுப்பு வாங்கினேன். அம்மாவால் ஒழுங்காக விழுங்க முடியாது. தண்ணீரோ தேநீரோ, மெல்லிசாக இருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட்டு நல்ல தேநீர் ஊற்றி, அதில் இரண்டு கரண்டி மாவு போட்டுக் கிளறினால் போஸ்டர் ஒட்டும் பசை தயார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என் சட்டையில் துப்புவாள். நான் கத்துவேன். ஒரு நாள் கோப்பையை அவள் முன்னால் டக்கென்று வைத்து, “வேணும்னா குடி, வேணாட்டி சாவு” என்றேன். நான் படித்த எந்த நாவலிலும் மகள் இந்த வரியைச் சொன்னதில்லை.

ஃபேரர் பார்க்கிலிருந்து பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன்குழம்போடு வருவார். ஹாலில் உட்கார்ந்து யாரிடமோ போனில், “எப்படி இருந்த புள்ள, இப்ப எவ்ளோ முதிர்ச்சியா இருக்கா தெரியுமா” என்பார். நான் அப்போது குளியலறையில் வாளியை உதைத்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அது நிறைய மாத நாவல்கள், எல்லாம் தேக்காவில் வேலை முடிந்து வரும்போது வாங்கியவை. ஒரு நாள் இடது கையால் அந்தப் பெட்டியைக் காட்டி அடம்பிடித்தாள். இழுத்து வைத்தேன். கிளறி ஒன்றை எடுத்தாள். அட்டையில் ஒரு பெண் குத்துவிளக்கோடு நின்றாள். அம்மாவின் கண்ணுக்கு எழுத்து தெரிந்தது, ஆனால் எழுத்தும் எழுத்தும் சேர்ந்து சொல்லாகவில்லை. என் மடியில் போட்டாள். நான் வாசிக்க வேண்டுமாம்.

கதை இதுதான். கல்லூரியில் முதல் மாணவி. அம்மாவுக்கு நோய். என்ன நோய் என்று எழுதியவருக்கும் தெரியாது, இருமல் மட்டும் உண்டு. மகள் படிப்பை விடுகிறாள், தையல் தைக்கிறாள், காதலித்தவனை அனுப்பிவிடுகிறாள். ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் அவள் முகத்தில் ஏதோ ஓர் ஒளி கூடிக்கொண்டே போகிறது. நான் நாற்பத்தெட்டாம் பக்கம்வரை ஒழுங்காகத்தான் வாசித்தேன். அங்கே அவள் கல்லூரிச் சான்றிதழைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். என் பாலிடெக்னிக்கிலிருந்து அன்று காலைதான் மின்னஞ்சல் வந்திருந்தது. மூன்று வாரத்தில் வகுப்பு தொடங்குகிறது, திரும்பி வருகிறாயா இல்லையா என்று பதில் சொல்லச் சொல்லி.

“சான்றிதழை உள்ளே வைத்து” என்று வாசித்தேன். அடுத்து என் வாயிலிருந்து வந்தது புத்தகத்தில் இல்லாதது. “பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தில் காதலன் வந்து, உன் தியாகத்துக்குத் தலை வணங்குகிறேன் என்கிறான். என் வாசிப்பில் அந்தப் பெண், “வணங்குனது போதும், இதைக் கழுவிட்டு வா” என்று அம்மாவின் மூத்திரச் சட்டியை அவன் கையில் கொடுத்தாள். அம்மா சிரித்தாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, மறு பக்கம் சும்மா இருந்தது. எச்சில் வழிந்தது. நோய் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். துடைத்துவிட்டு மேலே வாசித்தேன். மறுநாளும் அதே வேலை. குத்துவிளக்குப் பெண் என் கையில் சிக்கி நாளுக்கு நாள் கெட்டுப்போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடு என் கூடப்பிறந்த அண்ணனும் வந்திருந்தான். அவனுக்குக் கல்யாணமாகிப் பொங்கோலில் வீடு.

“ஒரு வருஷம்தானே லா. டிப்ளோமா எங்கயும் ஓடிடாது,” என்றான்.

“அப்ப நீ லீவு எடு.”

“நான் எப்படி அம்மாவைக் குளிப்பாட்டுறது?”

“சோப்பு போட்டு.”

“அண்ணன்கிட்ட பேசுற பேச்சா இது?” என்றார் பெரியம்மா. “பொறுப்பான புள்ளைன்னு போன வாரம்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

“போன வாரமும் தப்பாத்தான் சொன்னீங்க பெரியம்மா.”

வீட்டில் பணிப்பெண் வைக்கலாம் என்றேன். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து மூன்று புளோக் தள்ளிப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. காலையில் விட்டு மாலையில் அழைத்து வரலாம். அதன் விளம்பரத் தாளை நீட்டினேன். அம்மா இடது கையால் தட்டிவிட்டாள். தாள் மீன்குழம்பில் விழுந்தது. அண்ணன், “பாத்தியா, அம்மாவுக்கே இஷ்டம் இல்ல” என்று கையைக் கழுவிவிட்டான்.

எனக்கு அண்ணன்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அம்மாமேல் வந்தது. நாவலில் நோயாளித் தாய், நீ போய்ப் படிம்மா, என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்பாள். மகள்தான் மறுப்பாள். என் அம்மா அப்படி எதையும் சொல்லவில்லை. நான் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயந்துபோயிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததால் அந்தக் கோபம் இல்லையென்று ஆகிவிடாது.

கிளம்பும்போது பெரியம்மா கட்டில்மேல் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். “இதையா படிக்கிறீங்க? உங்கம்மா இதை மூணு தடவை படிச்சா. என்னையும் படின்னு சொல்லி உயிரை வாங்கினா. கடைசியில அந்த அம்மா செத்துடுவா. பொண்ணு கல்யாணமே பண்ணிக்க மாட்டா. நான் ஒரு நாள் முழுக்க அழுதேன் லா.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று தடவை படித்தவளுக்கு, மூத்திரச் சட்டி அதில் இல்லை என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்தேன். இனி பக்கத்தைப் பார்க்கிற மாதிரி நடிக்க வேண்டியதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே வாசித்தேன்.

“பகலில் நிலையத்துக்குப் போ என்றாள் மகள். அம்மா மாட்டேன் என்றாள். மகள் படிப்பை விட்டாள். ஒரு வருடம் போயிற்று. இன்னும் ஒரு வருடம் போயிற்று. முப்பது வயதில் ஒரு நாள் அவள் தோசைக் கல்லை எடுத்து அம்மாவின் மண்டையில் போட்டாள்.”

“இல்ல,” என்றாள் அம்மா.

“அப்ப என்னதான் நடக்கணும்? நீயே சொல்லு.”

அவள் வாய் அசைந்தது. சொல் வரவில்லை. கீழே குப்பை லாரி வந்து, சத்தம் போட்டு, போயே விட்டது. அதுவரை தேடினாள்.

“அவ அம்மா…” என்றாள். நெற்றி வியர்த்திருந்தது. “சனியன்.”

“யாரு, கதையில வர்ற அம்மாவா?”

தலையாட்டினாள்.

அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். பிறகு கேட்டேன். “சரி, அந்தச் சனியன் ஏன் போக மாட்டேங்குது? அங்க ஆளுங்களைப் பிடிக்கலையா?”

“இல்ல.”

“சோறு பிடிக்கலையா?”

“இல்ல. வேன்.”

எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமானது. அந்த நிலையத்து வேன் தினமும் காலையில் எங்கள் புளோக்குக்குக் கீழே வந்து நிற்கும். பின்கதவைத் திறந்து, சக்கர நாற்காலியோடு ஆளை இயந்திரத்தில் ஏற்றி மேலே தூக்கும். எதிரே பேருந்து நிறுத்தம். வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அங்கே நிற்கும். அம்மாவும் இருபது வருடம் அங்கேதான் நின்றாள், மடிப்புக் கலையாத புடவையோடு, உதட்டுச் சாயத்தோடு. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜ் ஏற்றுகிற மாதிரி தன்னை ஏற்றுவதா என்பதுதான் அவளுக்கு உறுத்தல். அதுவரை நான் இதைக் கேட்கவே இல்லை. தாளை நீட்டினேன், கத்தினேன், ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா இடது கையால் புத்தகத்தைத் தட்டினாள். “நடந்து.”

வாசித்தேன். “அந்த அம்மா நடந்தே போனாள்.”

“மெதுவா.”

“அந்த அம்மா மெதுவாக நடந்தே போனாள். மகள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள்.”

“ம்,” என்றாள்.

அன்றே பாலிடெக்னிக்குக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். நிலையத்திலும் பெயர் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான்கு கால் ஊன்றுகோலோடு தாழ்வாரத்தில் நடக்கப் பழகினாள். ஆறு கதவு தூரம் போகக் கால் மணி நேரம். “சீக்கிரம், சீக்கிரம்” என்று நான் பின்னால் கத்த, அவள் திரும்பாமலே என்னைத் திட்டுவாள். மூன்றாவது வீட்டுச் சீன ஆன்ட்டி வாசலுக்கு வந்து, “ஜியா யோ, ஜியா யோ” என்று கை தட்டி உற்சாகப்படுத்துவார். அவருக்கும் ஒரு சனியன் கிடைக்கும். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டுவார்.

வகுப்பு தொடங்கும் நாள் காலையில் அம்மாவுக்குப் புடவை கட்டிவிட்டேன். எனக்குக் கட்டத் தெரியாது. இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டச் சொன்னாள். ஏழே முக்காலுக்குத்தான் லிஃப்டுக்கு வந்தோம். மூன்று புளோக், ஐம்பது நிமிடம். தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்றாள், மளிகைக் கடை முன்னால் ஒரு தடவை. பாதி வழியில் அந்த வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஏறுகிறீர்களா என்பதுபோல் பார்த்தார். அம்மா நேராகப் பார்த்து நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு பெண், “அக்கா, எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டார். அம்மாவுக்குச் சொல் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினாள், வேலைக்குப் போகிறவள் மாதிரி.

நிலைய வாசலில் மாவு எத்தனை கரண்டி என்று தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா என் முதுகில் ஊன்றுகோலால் இடித்து, “போ” என்றாள்.

முதல் வகுப்பில் பாதி முடிந்திருந்தது. விரிவுரையாளர் எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்து, ஏன் தாமதம் என்று திட்டிக் கேட்டார். நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார், பிறகு என் முதிர்ச்சியைப் பாராட்டுவார்.

மாலையில் அழைத்து வரும்போது அம்மா கடுகடுவென்று இருந்தாள். டிவிக்கு முன்னாலிருந்த நாற்காலியை வேறு யாரோ பிடித்துக்கொண்டதாகத் தாதி சொன்னார். வீட்டுக்கு வந்து பசைத் தேநீர் கலக்கிக் கொடுத்தேன். குடிக்காமல் அந்தப் புத்தகத்தை இழுத்து என் மடியில் போட்டாள்.

“அவ… போனா?”

“போனா. லேட்டு.”

“திட்டு?”

“நல்லாவே. எல்லார் முன்னாடியும்.”

அம்மா கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் விழுங்கி முகத்தைச் சுளித்தாள். துப்பவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “நாளைக்கு… ஏழு” என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கே கிளம்பினோம். அன்றும் லேட்டுதான்.